ஹாலோவீன் மாஸ்க் வீட்லயே செய்யணும்னா எதுல செய்யலாம்?

மாஸ்க் எதுல செய்யறதுன்னு தேடினா வீடியோ நூறு வருது, ஆனா உங்க குழந்தைக்கு என்ன வயசு, கையில எத்தனை நாள் இருக்கு, அன்னிக்கு ராத்திரி தெருவுல எவ்ளோ நேரம் அதை மாட்டிக்கிட்டு நடக்கப் போகுதுன்னு அதுல யாருமே கேக்கறதில்ல. முடிவு பண்ண வேண்டியதே அதை வெச்சுத்தான். நாங்க இருக்கறது நியூ ஜெர்சில, பெரியவளுக்கு பத்து வயசு, சின்னவனுக்கு அஞ்சு, வருஷா வருஷம் அக்டோபர்ல டைனிங் டேபிள் சாப்பாட்டுக்குக் கிடைக்காது. பேப்பர் மாஷே (கிழிச்ச பேப்பரை பசைல முக்கி சுத்து சுத்தா ஒட்டறது), ஃபெல்ட் (கம்பளி மாதிரி கெட்டியான துணி), க்ராஃப்ட் ஃபோம், பிளாஸ்டர் பேண்டேஜ் (எலும்பு முறிஞ்சா போடற மாவுக்கட்டுப் பட்டை), பேப்பர் ப்ளேட், கடைல விக்கற வெறும் வெள்ளை மாஸ்க்னு எல்லாமே எங்க வீட்டு டேபிளுக்கு வந்து போயிருக்கு. எனக்கு இதுல திடமான கருத்து உண்டு, நேரா சொல்லிடறேன்: வேலைல பாதிக்கு மேல குழந்தை கையால நடக்கணும், மாட்டினா கண்ணு நல்லா தெரியணும், இந்த ரெண்டும் இல்லாத மாஸ்க் எவ்ளோ அழகா இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதல்ல கண்ணு விஷயம். ஹாலோவீன்ங்கறது அக்டோபர் 31, அன்னிக்கு எங்க ஊர்ல ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், வேஷம் போட்ட குழந்தைங்க கூட்டம் கூட்டமா வீடு வீடா சாக்லேட் கேட்டுக் கிளம்பறதே அதுக்கப்புறம்தான். 2018 அக்டோபர் கடைசில ஜாமா பீடியாட்ரிக்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 1975லேர்ந்து 2016 வரைக்கும் 42 வருஷத்து அமெரிக்க ரோடு விபத்து கணக்கை எடுத்து, ஹாலோவீன் சாயங்காலத்தை ஒரு வாரம் முன்னாடி ஒரு வாரம் பின்னாடி அதே நேரத்தோட வெச்சுப் பாத்தாங்க, நடந்து போறவங்க அடிபட்டு சாகற ஆபத்து அன்னிக்கு 43 சதவீதம் அதிகம்னு வந்துச்சு, அதுலயும் 4லேர்ந்து 8 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு பத்து மடங்கு. இதுக்கு மாஸ்க்தான் காரணம்னு அந்த ஆய்வு சொல்லல, இருட்டு, ரோட்டை குறுக்க கடக்கறது, வண்டி ஓட்டறவங்கன்னு எல்லாம் சேர்ந்தது. ஆனா அந்த இருட்டுல குழந்தை தன் பக்கத்துலேர்ந்து செய்யக் கூடிய ஒரே விஷயம் நல்லா பாக்கறதுதானே, அதையும் நாமே மறைச்சு அனுப்பக்கூடாது. குழந்தை டாக்டர்களோட சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் மாஸ்க்கே பார்வையை மறைக்கும், அதுக்கு பதிலா முகத்துல வரையற பெயின்ட், தொப்பி மாதிரி யோசிங்கன்னு சொல்றாங்க.

அப்போ மாஸ்க்கே வேண்டாமான்னா, எங்க வீட்டுக்கு அது ஒத்து வராது, மாஸ்க் செய்யற ஒரு மாசம்தான் எங்களுக்கு ஹாலோவீனே. அதனால நாங்க பிடிச்ச வழி என்னன்னா, எந்தப் பொருள்ல செஞ்சாலும் முழு முகத்தை மூடறது கிடையாது. ஒண்ணு மூக்கு நுனியோட நின்னுடற அரை மாஸ்க், கண் ஓட்டை நல்லா பெருசா, புருவம் தெரியற அளவுக்கு. இல்லைன்னா நெத்தி மாஸ்க், அதாவது ஆந்தையோட மூஞ்சியோ டிராகனோட மூஞ்சியோ நெத்திக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்துக்கும், குழந்தை முகம் கீழ திறந்தே இருக்கும். அஞ்சு வயசுக்கு நெத்தி மாஸ்க்தான் சரி, ரெண்டாவது கருத்தே கிடையாது. மூச்சு முட்டாது, சாக்லேட் சாப்பிட கழட்ட வேண்டாம், கண்ணாடி போடற குழந்தைன்னா ஆவி படியாது. இங்க நிறைய எலிமெண்டரி ஸ்கூல்ல ஹாலோவீன் பரேடுக்கு முகம் மூடற மாஸ்க் போடக்கூடாதுன்னு விதி இருக்கு, அதுக்கும் இது பல இடத்துல ஒத்துப் போகும், எதுக்கும் டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இப்ப பொருளுக்கு வரேன். என் முதல் ஓட்டு பேப்பர் மாஷேக்குத்தான், ஏன்னு விரிவா சொல்றேன். செலவு கிட்டத்தட்ட இல்ல, தபால்பெட்டில வந்து குவியற விளம்பரத் தாளும் மைதாவும் போதும். வேலை முழுக்க குழந்தை கைக்குப் போகுது, கிழிக்கறது, முக்கறது, ஒட்டறது, தடவறது, கத்தரிக்கோலே வேண்டாம், சொல்லப்போனா வெட்டவே கூடாது, கிழிச்ச ஓரம்தான் ஒண்ணோட ஒண்ணு அமுங்கி வழவழன்னு வரும். அது போக இது நம்ம ஊருக்கு புதுசும் இல்ல, கொலுவுக்கு வாங்கறோமே காகிதக்கூழ் பொம்மை, அதே வித்தைதான், புதுச்சேரி பக்கம் திருக்கனூர் பேப்பர் மாஷேக்கு புவிசார் குறியீடே இருக்கு. ஊர்லேர்ந்து வந்திருக்கற பாட்டி தாத்தா இருந்தா இந்த ஒரு வேலைலதான் அவங்க வெறுமனே உக்காந்து பாக்க மாட்டாங்க, தானா கை நீட்டுவாங்க. எங்க மாமியார் பசை கிண்டற பொறுப்பை யாருக்கும் விட்டுத் தர்றதே இல்ல.

பசை பத்தி ஒரு விஷயம். இங்க நிறைய பேர் மைதாவை பச்சத் தண்ணில கரைச்சு அப்படியே குழந்தைங்ககிட்ட குடுக்கறாங்க. வேண்டாம். பச்சை மாவுல ஈ கோலை கிருமி இருக்கலாம், 2016ல இங்க ஒரு பெரிய மாவு கம்பெனி அதுக்காகவே மாவை கடைலேர்ந்து திரும்ப வாங்கினாங்க, குழந்தைங்களை பச்சை மாவு வெச்சு விளையாட விடாதீங்கன்னு இங்க உணவு, மருந்தைக் கண்காணிக்கற அரசுத் துறையான எஃப்டிஏவே சொல்லுது, சின்னதுங்க கை எப்பவும் வாய்க்குத்தான் போகும். அதனால அடுப்புல காய்ச்சிடுங்க. ஒரு கப் மைதாவை கட்டி இல்லாம கொஞ்சம் தண்ணில கரைச்சு, கொதிக்கற நாலு கப் தண்ணில ஊத்திக் கிண்டினா தோசை மாவை விட கொஞ்சம் நெகிழ்வா கண்ணாடி மாதிரி பசை வரும், ஆறினப்புறம் இன்னும் இறுகும். காய்ச்சின பசை பிடிப்பும் ஜாஸ்தி, காஞ்சா வெள்ளை பூக்காது. பூஞ்சை வராம இருக்க ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டுக்கோங்க. ஊர்ல புக் பைண்டிங் பசைல பூச்சி வராம மயில்துத்தம் கலப்பாங்க, பெரியவங்க யாராவது ஞாபகமா அதைச் சொன்னாங்கன்னா தயவு செஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க, அது விஷம்.

அச்சுக்கு எல்லாரும் பலூன்தான் காட்டுவாங்க. சின்னக் குழந்தை இருக்கற வீட்ல எனக்கு அது பிடிக்காது. வெடிச்ச பலூன் துண்டு தொண்டைல அடைச்சுக்கும், பாக்கெட்லயே எட்டு வயசுக்குக் கீழ எச்சரிக்கை போட்டிருப்பாங்க. அதுவும் இல்லாம பலூன் உருண்டை, நம்ம முகம் உருண்டை இல்ல, மாட்டினா ரெண்டு பக்கமும் ஆடும். அதுக்கு பதிலா அலுமினியம் ஃபாயிலை மூணு நாலு மடிப்பா எடுத்து குழந்தை கண்ணை மூடிக்கச் சொல்லி நெத்தி, மூக்குத் தண்டு, கன்னம் மட்டும் மெதுவா அமுக்குங்க, வாயும் மூக்கு ஓட்டையும் திறந்தே இருக்கட்டும், பத்து செகண்ட் வேலை. எடுத்ததும் பின்னாடி கசக்கின நியூஸ்பேப்பர் அடைச்சு மாஸ்கிங் டேப் சுத்திட்டா குழந்தையோட சொந்த முகமே அச்சா வந்துடும், மாஸ்க் கச்சிதமா உக்காரும். அதுக்கு மேல கொம்பு, மூக்கு, காது எல்லாம் அட்டைலயோ முட்டை டப்பாவோட குழியிலயோ செஞ்சு டேப் போட்டு ஒட்டிட்டு, அப்புறம் பேப்பர் பட்டை ஒட்ட ஆரம்பிக்கணும். ஒரு சுத்து நியூஸ்பேப்பர், அடுத்த சுத்து பிரவுன் பேப்பர் பைன்னு மாத்தி மாத்தி ஒட்டினா எந்த இடம் விட்டுப் போச்சுன்னு குழந்தைக்கே தெரிஞ்சுடும். மூணு சுத்து போதும், கொம்புக்கு நாலு.

குறைன்னா ரெண்டு. ஒண்ணு நேரம், ஒவ்வொரு சுத்தும் ராத்திரி முழுக்க காயணும், அவசரப்பட்டு மேல மேல ஒட்டினா உள்ள ஈரம் தங்கி நாத்தம் வரும், ஃபேன் காத்துல வைக்கலாம், வெயில் இருந்தா ஜன்னலோரம். காஞ்சதும் உப்புத்தாள் போட்டு லேசா தேய்ச்சு வெள்ளை பெயின்ட் ஒரு கோட், அதுக்கு மேல கலர். ஆக ரெண்டு வீக்எண்டும் நடுவுல உள்ள வாரமும் வேணும். ரெண்டாவது மழை. அக்டோபர் கடைசில இங்க மழை சகஜம், நனைஞ்சா பேப்பர் இளகிடும், மேல வார்னிஷோ, மாட் பாட்ஜ்னு விக்கற பளபளப்புப் பசையோ ரெண்டு கோட் அடிச்சா தூறலைத் தாங்கும், கொட்டற மழையைத் தாங்காது.

மழைன்னதும் ஃபோம் ஞாபகம் வருது. க்ராஃப்ட் ஃபோம்ங்கறது ஈவிஏ, குழந்தைங்க விளையாடற இடத்துல தரைல பசில் மாதிரி கோத்துப் போடறோமே அதே வகை, மெலிசா 2 மில்லிமீட்டர்ல ஷீட்டா மைக்கேல்ஸ்ங்கற கைவேலைப் பொருள் கடைல கிடைக்கும். முன்னாடின்னா ஜோஆன்ல போய் எடுப்போம், 2025ல எல்லா கடையையும் மூடிட்டாங்க, துணிக்கும் ஃபெல்ட்டுக்கும் அந்தக் கடை இல்லாதது இன்னிக்கும் எனக்கு வருத்தம். ஃபோம் நனையாது, கனமே இருக்காது, ஹேர் டிரையர் சூட்டுல நெகிழ்ந்து வளைஞ்சு கொடுக்கும், ஆறினா அந்த வளைவு அப்படியே நிக்கும், ஒரு தட்டை ஷீட் உங்க கண்ணு முன்னாடி கழுகு மூக்கா மாறும்போது பத்து வயசுக் குழந்தை முகத்தைப் பாக்கணுமே. செதில் செதிலா, இறகு இறகா வெட்டி அடுக்கற டிசைனுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்ல.

ஆனா இது குடும்ப வேலையாங்கறது வயசைப் பொறுத்தது. கூர்மையான கட்டர் ப்ளேடு வேணும், ஹாட் க்ளூ, அதாவது சூட்டுல உருக்கி ஒட்டற பசை வேணும், ஹை டெம்ப் க்ளூ கன்னோட நுனி 190 டிகிரி செல்சியஸ் கிட்ட போகும், லோ டெம்ப்னா 120 டிகிரி பக்கம், குழந்தை இருக்கற வீட்ல லோ டெம்ப் மட்டும்தான், அதுவும் பெரியவங்க கையில. காஸ்ப்ளே பண்றவங்க, அதாவது சினிமா, கார்ட்டூன் பாத்திரம் மாதிரி வேஷம் கட்டறவங்க, ஃபோமுக்கு கான்டாக்ட் சிமெண்ட்ங்கற காட்டமான பசை போடுவாங்க, அதோட புகை வீட்டுக்குள்ள குழந்தைங்க பக்கத்துல ஆகவே ஆகாது. பெயின்டையும் ஃபோம் உறிஞ்சிடும், முதல்ல வெள்ளை க்ளூ ரெண்டு கோட் கொடுத்துட்டு கலர் அடிக்கணும். இதெல்லாம் கூட்டிப் பாத்தா பத்து பதினொண்ணு வயசுக்கு மேலதான் குழந்தை நிஜமாவே செய்யும், அதுக்குக் கீழன்னா அப்பா செய்வார் குழந்தை பக்கத்துல நின்னு பாக்கும், எனக்கு அது வேண்டாம்.

சின்னதுங்களுக்கு ஃபெல்ட். வெட்டின ஓரம் பிரியாது, மடிச்சுத் தைக்க வேண்டாம், முகத்துல குத்தாது, அழுக்கானா கையால அலசிக்கலாம், அடுத்த வருஷம் தம்பிக்கோ தங்கச்சிக்கோ போகும். பழைய ஹெட்பேண்ட் ஒண்ணு எடுத்து அதுல ஃபெல்ட் நரி மூஞ்சியை ஒட்டித் தைச்சா அதுதான் நான் சொன்ன நெத்தி மாஸ்க். அஞ்சு வயசுக் குழந்தை துண்டுகளை வெச்சு கோந்து தடவி ஒட்டும், ஏழு எட்டு வயசுன்னா பெரிய ஊசில ஓட்டுத் தையல் போடக் கத்துக்கும், ஊசி நூல் ஒரு தடவை கைக்குப் பழகிடுச்சுன்னா அது வாழ்க்கை முழுக்க வரும், அந்த ஒரு காரணத்துக்காகவே ஃபெல்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். குறைன்னா தொள தொளன்னு இருக்கும், ரெண்டு ஃபெல்ட்டுக்கு நடுவுல சீரியல் டப்பா அட்டையோ ஒரு ஃபோம் ஷீட்டோ வெச்சா நிமிந்து நிக்கும். விலை குறைஞ்ச ஃபெல்ட் எல்லாம் அக்ரிலிக், பாலியஸ்டர், நெருப்பு பட்டா உருகி ஒட்டும், வாசப்படில பூசணிக்காய்க்குள்ள மெழுகுவத்தி எரியற ராத்திரி அது, அதனால நம்ம வீட்டு பூசணில பேட்டரி லைட் போடுங்க, அடுத்த வீட்ல எரியுதுன்னா குழந்தை குனியாம பாத்துக்கோங்க. ஃபெல்ட்டுக்கு மட்டும் இல்ல, பேப்பர் மாஷேக்கும் இதேதான்.

பிளாஸ்டர் பேண்டேஜ் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, ஏன்னா வீடியோல அழகா இருக்கும், முகத்துல வாசலின் தடவி நனைச்ச பட்டையை ஒட்டி இருபது நிமிஷத்துல முகம் அப்படியே அச்சா வந்துடும். வேகத்துல பேப்பர் மாஷே இதுகிட்ட நிக்க முடியாது, அது உண்மை. ஆனா பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், அதோட தன்மையே அது. 2007ல இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ல ஒரு ஸ்கூல் ஆர்ட் க்ளாஸ்ல கைக்கு அச்சு எடுக்க 16 வயசுப் பொண்ணு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைச்ச பக்கெட்ல கையை விட்டு, அது இறுகி சூடாகி, பெரும்பாலான விரல்களையே இழந்துட்டா. மெல்லிசு பேண்டேஜும் அந்த பக்கெட்டும் ஒண்ணு இல்ல, தெரியும், பேண்டேஜ்ல சூடு ரொம்பக் குறைவு. இருந்தாலும் இருபது நிமிஷம் கண்ணை மூடி ஆடாம படுத்திருக்கணும், அசைஞ்சா கோணல், சின்னக் குழந்தை பயப்படும். டீன் ஏஜ் பசங்க, அவங்களா ஆசைப்பட்டு, வாசலின் நல்லா தடவி, மூக்கு கண்ணு வாய் பக்கம் போகாம, பெரியவங்க கூடவே இருந்து செஞ்சா சரி. மீந்த தண்ணியை சிங்க்ல ஊத்தாதீங்க, பைப்புக்குள்ள கல்லாயிடும். என் வீட்ல இதை செய்ய மாட்டேன், ஃபாயில் அச்சு அதே வேலையை சூடில்லாம செய்யுது.

பேப்பர் ப்ளேட்டும் அட்டையும் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மூணு நாலு வயசுக்கு பேப்பர் ப்ளேட் பாதியா வெட்டி ஐஸ்க்ரீம் குச்சில ஒட்டி கையில பிடிச்சுக்கறது, அதோட சரி, அந்த வயசுக்கு அது தாராளம். முகத்துல கட்டாம கையில பிடிக்கறதால வேணுங்கறப்ப இறக்கிடலாம், அது ஒரு வசதி.

கடைல விக்கற வெறும் வெள்ளை மாஸ்க் வாங்கி பெயின்ட் மட்டும் பண்றது பல வீட்ல நடக்குது, டாலர் ட்ரீல போனா ரொம்ப சல்லிசா முடியும். இங்க 1950கள்லேர்ந்து பென் கூப்பர் மாதிரி கம்பெனிங்க மெலிசு பிளாஸ்டிக் முகத்துல எலாஸ்டிக் போட்டு டப்பால வித்த மாஸ்க்கோட வழிதான் இது, ஒரே சைஸ், சின்னக் கண் ஓட்டை, உள்ள வேர்த்துக் கொட்டும். அது கூட பரவால்ல, கண் ஓட்டையை நீங்க பெருசா வெட்டிக்கலாம், மூக்குக்குக் கீழ உள்ள பாதியை வெட்டி எடுத்துடலாம், அப்போ நல்ல அரை மாஸ்க்கே கிடைக்கும். எல்லா குழந்தையும் ஒரே மாதிரி முகத்துல வேற வேற வரைஞ்சு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதுலயும் ஒரு சந்தோஷம் இருக்கு, பர்த்டே பார்ட்டிக்கோ க்ளாஸ் பார்ட்டிக்கோ பத்து பதினஞ்சு குழந்தை வரும்போது நான் இதைத்தான் சொல்வேன். வீட்டு அளவுல செய்யறதுன்னா இல்ல.

அலங்காரம் எதுலயும் பொதுதான். கலர் வாங்கும்போது டப்பால ஏபி முத்திரை இருக்கான்னு பாருங்க, குழந்தைங்களுக்குக் கெடுதல் இல்லைன்னு சோதிச்சுக் கொடுக்கற முத்திரை அது. உதிரி ஜிகினா கண்ணுக்கிட்ட வேண்டவே வேண்டாம், கண்ணுக்குள்ள விழுந்தா கீறும், மாஸ்க் மாட்டி நடக்க நடக்க உதிர்ந்துக்கிட்டேதான் இருக்கும். ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவை 2023லேர்ந்து விக்கவே விடறதில்ல, அது கடலுக்குப் போற பிளாஸ்டிக்குக்காக. ஜிகினாவுக்கு பதிலா சம்கி தைங்க, பழைய பட்டுப் பாவாடை ஜரிகை ஓரம் இருந்தா ஒட்டுங்க, கொலுவுக்கு வாங்கின ஜரிகை மீந்திருக்கும், கோலமாவு ஸ்டென்சில் வெச்சு நெத்தில புள்ளி டிசைன் போட்டா பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி நிறுத்திக் கேட்டு ரசிப்பாங்க. ரோட்டுல கார்க்காரங்களுக்குத் தெரிய ஓரத்துல ரிஃப்ளெக்டர் டேப் ஒரு கோடு ஒட்டிடுங்க, அதை டிசைனாவே வரைஞ்சுக்கலாம், எங்க பெரியவ பூனை மீசையா ஒட்டுவா. வாய், கன்னத்துக்கு ஃபேஸ் பெயின்ட் சேர்க்கறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே கையில கொஞ்சம் தடவிப் பாத்துடுங்க, அரிப்பு தடிப்பு வரலைன்னா முகத்துல போடலாம்.

அப்போ எதை எடுக்கறது? ஏழு வயசுக்கு மேல ஒரு குழந்தையாவது இருக்கு, அக்டோபர் பத்து பதினஞ்சுக்குள்ள உக்கார முடியும்னா, யோசிக்காம பேப்பர் மாஷே அரை மாஸ்க். அஞ்சு ஆறு வயசு மட்டும்தான்னா ஃபெல்ட் நெத்தி மாஸ்க், பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணுன்னு இருக்கற எங்க மாதிரி வீட்ல பெரியவ பேப்பர் மாஷே செய்யறப்ப சின்னவன் பேப்பர் கிழிச்சுக் கொடுத்துட்டு தனக்கு ஃபெல்ட்ல செஞ்சுக்கறான், சண்டையில்ல. பத்து வயசுக்கு மேல உள்ளவங்க டிராகன், கழுகுன்னு பெரிய ஆசைல இருந்தாங்கன்னாலும், ஊர்ல மழை உறுதின்னாலும் ஃபோம். நவராத்திரி சில வருஷம் அக்டோபர் நடுவு வரைக்கும் இழுக்கும், தீபாவளி 2024ல அக்டோபர் 31 அன்னிக்கே வந்துச்சு, அந்த மாதிரி வருஷத்துல பட்சணம், விருந்தாளி, கோலம்னு எல்லாம் சேர்ந்து நெருக்கும், அப்போ பேப்பர் மாஷேவை எடுத்து வெச்சுக்கிட்டு கஷ்டப்படாதீங்க, ஒரு சாயங்கால ஃபெல்ட் போதும். எதை எடுத்தாலும் ஒரு காரியம், கால் இன்ச் எலாஸ்டிக்கை முதல் வாரத்துலயே வாங்கி வெச்சுடுங்க, கடைசி வாரம் அது கடைல தேடினாலும் கிடைக்காது, மாஸ்க்ல ஓட்டை போடற இடத்துக்குப் பின்னாடி டேப் ஒட்டிட்டு ஓட்டை போட்டா கிழியாது, குழந்தை கோட்டு குல்லா எல்லாம் போட்டப்புறம் அளவு எடுத்து முடிச்சுப் போடுங்க.